யானைக்கு முன்னால் ஒரு கூடாரம்: டம்போ ராட்டினத்தின் காத்திருப்பு வரிசை

பறப்பது ஒன்றரை நிமிடம். அதற்காகக் கால்கடுக்க நிற்பது முக்கால் மணி நேரம். கூட்ட நாளென்றால் இன்னும் கூடுதல். நிற்பவர்களோ, இடுப்பில் ஏறத் துடிக்கும் வயதுக் குழந்தைகளும் அவர்களைத் தூக்கித் தூக்கித் தோள் வலித்த பெற்றோரும். ஃபுளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பூங்காவில், டம்போ ராட்டினத்தின் கதை நாற்பது ஆண்டுகள் இப்படித்தான் ஓடியது.

2012-இல் அந்த வரிசையைப் பிரித்துப் போட்டு வேறு மாதிரி கட்டினார்கள். தீம் பார்க் வரிசைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த மாற்றம்தான். பெரிய ரோலர் கோஸ்டர்களின் வரிசையில் கோடி கோடியாகக் கொட்டிய அலங்காரங்கள் இருக்கின்றன. இங்கே வைத்தது ஒரு சர்க்கஸ் கூடாரமும், முறை வந்ததும் கையில் அதிர்ந்து கூப்பிடும் பேஜர் என்ற சிறு கருவியும்தான். ஆனால் வரிசை என்றால் என்ன, அதில் எதை மாற்ற முடியும், எதை மாற்றவே முடியாது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் வேறொன்று கிடைப்பது கடினம்.

ராட்டினத்தின் கணக்கு

1941-இல் வந்த ‘டம்போ’ என்ற டிஸ்னி கார்ட்டூன் படத்தின் பறக்கும் யானைக்குட்டியை வைத்துச் செய்த இந்த ராட்டினம் முதலில் 1955-இல் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாண்டுக்கு வந்தது. மேஜிக் கிங்டம் 1971 அக்டோபர் 1 அன்று திறந்தபோது அங்கேயும் இருந்தது. ஆரம்பத்தில் 10 யானைகள். 1993-இல் 16 ஆயின. நடுத்தூணிலிருந்து கைகள் நீள, ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு யானை. உள்ளே இருக்கும் குழந்தை ஒரு கைப்பிடியை அசைத்தால் யானை உயரும், தாழும். உயரக் கட்டுப்பாடு கிடையாது. கைக்குழந்தையைக் கூட மடியில் வைத்துக்கொண்டு ஏறலாம். பூங்காவுக்கு வரும் சிறு குழந்தை எதுவும் இதை விட்டுவிட்டுப் போகாது.

இப்போது எண்களுக்கு வருவோம். ஒரு யானையில் ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 32 பேர். சுற்றும் நேரம் குறைவுதான். ஆனால் முந்தைய கூட்டம் இறங்கி வெளியேற வேண்டும், அடுத்த கூட்டம் உள்ளே வர வேண்டும், யாருக்கு எந்த நிறத் தொப்பி போட்ட யானை என்ற வழக்கு தீர வேண்டும், பெல்ட் மாட்ட வேண்டும், ஊழியர் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் என்று கொள்வோம். மணிக்கு 15 சுற்று, 480 பேர். அதுவும் எந்த இருக்கையும் காலியாகப் போகவில்லை என்றால்தான். மூன்று பேர் குடும்பம் இரண்டு யானைகளை எடுத்துக்கொள்ளும். ஓர் இருக்கை வீண். யானைக்குச் சராசரியாக 1.7 பேர் என்று இறங்கினாலே எண்ணிக்கை 408 ஆகிவிடும்.

அதே பூங்காவில் ஹான்டட் மேன்ஷன் சவாரி இருக்கிறது. அதில் வண்டிகள் நிற்பதே இல்லை. சங்கிலிபோல் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும், நகரும் நடைமேடையில் நடந்தபடியே ஏறிக்கொள்ள வேண்டும். அந்த வகைச் சவாரி மணிக்கு 2,000 பேருக்கு மேல் விழுங்கும். நிறுத்தி ஏற்றி, நிறுத்தி இறக்கும் ராட்டினத்துக்கு அந்த வேகம் வராது. பூங்காவின் எல்லாக் குழந்தைகளும் கேட்கும் சவாரிக்கு மணிக்கு நானூற்றுச் சொச்சம் இருக்கை என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. இங்கே உண்மையிலேயே யானைதான் பொரி.

ராட்டினத்தைத் தொடாமலே கொஞ்சம் மீட்கலாம். ஏற்றி இறக்கும் நேரத்தில் அரை நிமிடத்தைக் குறைத்து, சுற்றை மூன்றரை நிமிடமாக்கினால் மணிக்கு 17 சுற்று கிடைக்கும். ஏறக்குறைய 14 விழுக்காடு கூடுதல். வாசல் கதவு திறக்கும் முன்பே குடும்பங்களை எண்ணி நிறுத்தி, யாருக்கு எந்த யானை என்று சொல்லிவிடுவது இதற்காகத்தான். வரிசை வடிவமைப்பு என்றால் கம்பியும் சங்கிலியும் என்று நினைப்பவர்கள் இந்தக் கடைசிப் பத்தடியைக் கவனிப்பதில்லை. அந்தப் பத்தடியில் வீணாகும் ஒவ்வொரு நொடியும் பின்னால் நிற்கும் அத்தனை பேர் தலையிலும் விழுகிறது.

ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிக் காட்டிய விதி ஒன்று இந்தத் துறைக்கு வாய்ப்பாடு மாதிரி: நிற்பவர்களின் எண்ணிக்கை என்பது வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கியது. மணிக்கு 480 பேரை ஏற்றும் ராட்டினத்தின் முன் 400 பேர் நின்றால், கடைசி ஆளுக்கு 50 நிமிடம். வரிசையை வளைத்தாலும் நெளித்தாலும், கூரை போட்டாலும் பாட்டுப் போட்டாலும் அந்த 50 அசையாது. அசைக்க வேண்டுமென்றால் இன்னொரு ராட்டினம் வேண்டும்.

இன்னொரு ராட்டினம்

மேஜிக் கிங்டம் அதையே செய்தது. 2011 பிப்ரவரியில் மிக்கீஸ் டூன்டவுன் ஃபேர் என்ற பகுதியை மூடி, அந்த இடத்தில் ஸ்டோரிபுக் சர்க்கஸ் என்ற புதிய பகுதியைக் கட்டினார்கள். பழைய டம்போவை 2012 தொடக்கத்தில் நிறுத்தினார்கள். மார்ச்சில் புதிய இடத்தில் முதல் ராட்டினம் சுற்றத் தொடங்கியது; கோடையில் அதற்குப் பக்கத்திலேயே இரண்டாவது. ஒன்று இடப்பக்கம் சுற்றினால் மற்றது வலப்பக்கம். 16-உம் 16-உம், 32 யானைகள்.

நம் கணக்குப்படி மணிக்கு 960 பேர். அதே 400 பேர் நின்றால் 50 நிமிடம் 25 ஆக வேண்டும். காகிதத்தில் ஆகும். பூங்காவில் ஆகாது. அங்கே வரிசைதான் விலை. உள்ளே வந்துவிட்டவருக்கு எந்தச் சவாரிக்கும் தனிக் கட்டணம் இல்லையென்றால், ஒவ்வொரு சவாரிக்கும் அவர் கொடுப்பது நேரம் மட்டும். வாசலில் தொங்கும் பலகை 60 என்று காட்டினால் பாதிக் குடும்பங்கள் ‘அப்புறம் வரலாம்’ என்று குழந்தையை இழுத்துக்கொண்டு நடக்கும். 25 என்று காட்டினால் திரும்பி வரும். ஏற்கனவே ஒருமுறை பறந்தவர்களும் இன்னொருமுறை என்று வந்து சேர்வார்கள். வரிசை மறுபடி நீளும். மக்கள் பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவு வரை நீண்டு அங்கே நிற்கும். ஆகவே இருக்கைகளை இரண்டு மடங்காக்கினால் பறக்கும் குழந்தைகள் இரண்டு மடங்காவார்கள், காத்திருப்பு பாதியாகாது. இதைத் தோல்வி என்று சொல்லமாட்டேன். ஆனால் மிச்சமிருக்கும் காத்திருப்பை எங்கே, எப்படி வைப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நெளிவுகள் எதற்கு, எதுவரை

சேவை நிறுவனங்களில் காத்திருப்போரின் மனநிலையைப் பற்றி டேவிட் மைஸ்டர் 1985-இல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. சும்மா நிற்கும் நேரம், ஏதாவது செய்துகொண்டிருக்கும் நேரத்தைவிட நீளமாகத் தோன்றும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்ததைவிட நீளம். நியாயமில்லாத காத்திருப்பு இன்னும் நீளம். சொல்லிக் கேட்டால் ‘இது தெரியாதா’ என்று தோன்றும். ஆனால் இவற்றை வைத்துக்கொண்டு ஒரு வரிசையைப் பார்த்தால், கம்பிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது விளங்கும்.

இங்கும் அங்கும் மடிந்து செல்லும் நெளிவரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். இடத்தை மிச்சப்படுத்துவது அதன் வேலைகளில் ஒன்று. அதைவிடப் பெரிய வேலை, ஒரே வரிசையாக வைத்திருப்பது. நான்கு தனி வரிசைகள் இருந்தால் பக்கத்து வரிசைதான் எப்போதும் வேகமாக நகரும். ஒரே வரிசையில் பின்னால் வந்தவர் முன்னால் போக வழியில்லை. அகலத்தைக் கூட்டிவிட்டால் இந்த நியாயம் கெட்டுவிடும்: இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இடத்தில் மூன்றாவது ஆள் நைசாக முன்னேறிவிடுவார். குறைத்தாலோ சக்கர நாற்காலி போகாது. அமெரிக்க விதிகள் அணுகுபாதைக்கு 36 அங்குலம் கேட்கின்றன, திருப்பத்தில் இன்னும் கூடுதல் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வடிவமைப்பாளர் கம்பியை நட வேண்டியிருக்கிறது.

அடுத்தது அலங்காரம். 1995-இல் டிஸ்னிலாண்டில் திறந்த இண்டியானா ஜோன்ஸ் சவாரியின் வரிசை ஏறக்குறைய அரை மைல் நீளம். சவாரி நடக்கும் பெரிய கட்டடம் பூங்காவைச் சுற்றி ஓடும் ரயில் பாதைக்கு வெளியே இருக்கிறது. அவ்வளவு தூரம் மக்களை நடத்திக் கூட்டிப் போயே தீர வேண்டும். அந்தக் கட்டாயத்தைப் பாழடைந்த கோயிலாக மாற்றி, சுவரெல்லாம் புதிர் எழுத்துகளைப் பொறித்து, கதையை வரிசையிலேயே தொடங்கிவிட்டார்கள். ‘நாம் உள்ளே வந்துவிட்டோம், ஆட்டம் ஆரம்பித்துவிட்டது’ என்று தோன்றிய பிறகு நிற்பது அவ்வளவு வலிக்காது. இதுவும் மைஸ்டர் சொன்னதுதான்.

பத்து வயதுக்கு மேல் உள்ளவர்களிடம் இது செல்லும். நான்கு வயதுக் குழந்தைக்குச் சுவரில் எழுதியதைப் படிக்கத் தெரியாது. தெரிந்தாலும் அக்கறை இல்லை. அதன் கால்கள் ஓட வேண்டும். ‘சும்மா நில்லு’ என்பதே அதற்குத் தண்டனை. அங்கே அலங்காரத்தைப் பார்ப்பது பெற்றோர், அழுவது குழந்தை.

சரி, வரிசைக்குள்ளேயே விளையாட்டை வைத்தால்? 2011-இல் மேஜிக் கிங்டமின் ஹான்டட் மேன்ஷன் வரிசையில் தொட்டால் இசைக்கும் கல்லறைகளையும் வேறு வேடிக்கைகளையும் வைத்தார்கள். அழகான வேலை. ஆனால் நகரும் வரிசையில் விளையாட்டை வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. விளையாடுபவர் நின்றுவிடுவார், அவருக்கு முன்னால் இடைவெளி விழும், பின்னால் இருப்பவர் அந்த இடைவெளியைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். தாண்டிப் போனால் சண்டை, போகாவிட்டால் எரிச்சல். விளையாட விரும்பாதவர்கள் விலகிப் போக அங்கே தனிப் பாதை விட்டிருப்பது இதனால்தான். வரிசை ஒழுங்கும் விளையாட்டும் ஒரே தரையில் நின்றால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும்.

கூடாரம்

டம்போவில் செய்தது, இந்த இரண்டையும் பிரித்தது. இரு ராட்டினங்களுக்கும் பக்கத்தில் பெரிய சர்க்கஸ் கூடாரத் தோற்றத்தில் குளிரூட்டிய ஒரு கட்டடம். திறந்த காலத்தில், உள்ளே வந்த குடும்பத்தின் கையில் ஒரு பேஜரைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான், வரிசையில் அவர்களுடைய இடம் அந்தப் பேஜருக்குள் போய்விட்டது. உடம்பு அங்கே நிற்கத் தேவையில்லை. குழந்தைகள் ஏறி, இறங்கி, சறுக்கி விளையாட நடுவில் சர்க்கஸ் சாமான்கள். பெற்றோர் உட்கார ஓரத்தில் இருக்கைகள். பேஜர் அதிர்ந்தால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு கிளம்ப வேண்டியிருந்தது.

இதில் எனக்குப் பிடித்தது, காத்திருப்பவர் யார் என்று பார்த்துச் செய்திருப்பது. பெரியவருக்கு வேண்டியது உட்கார ஓர் இடமும் நிழலும். குழந்தைக்கு வேண்டியது ஓட இடம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், பெற்றோர் கண்ணிலிருந்து குழந்தை மறையக் கூடாது. எந்தப் பெரிய தொழில்நுட்பமும் இல்லை. உணவகங்களில் மேசை காலியானதும் கூப்பிடப் பயன்படும் கருவிதான் இங்கேயும். மைஸ்டரின் பட்டியலில் சும்மா நிற்கும் நேரம் தீர்ந்தது. நியாயம் பற்றிய கவலையும் பெருமளவு தீர்ந்தது: யார் முன்னால் வந்தார் என்பதைப் பேஜர் வைத்திருந்தது, பார்த்துப் பார்த்துக் காவல் காக்க வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு நேரம் என்ற கேள்விதான் பாக்கி. பேஜர் எப்போது அதிரும் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தை மணி கேட்பதில்லை.

கூடாரத்துக்கு மூன்று இடங்களில் சிரமம் வரும்.

முதலாவது வெளியே. கூடாரம் எவ்வளவு பெரிதானாலும் அதற்குள் இத்தனை பேர்தான் என்று ஓர் அளவு உண்டு. லிட்டிலின் விதியை மறுபடி எடுங்கள்: மணிக்கு 960 பேர் வேகத்தில் ஒவ்வொருவரும் 15 நிமிடம் உள்ளே இருந்தால் எந்த நேரத்திலும் 240 பேர் கூடாரத்தில். அதற்குமேல் வருபவர்கள் கூடாரத்துக்கு வெளியே பழைய மாதிரியே வெயிலில் நிற்க வேண்டும். கூட்டம் மிகுந்த நாளில் பேஜர் கிடைப்பதற்கே ஒரு வரிசை. மழை அடித்தால் கூடாரத்தில் ஒதுங்க வருபவர்களும் சேர்ந்துகொள்வார்கள். கட்டடத்தின் அளவை முடிவு செய்யும்போது எந்த நாளைக் கணக்கில் எடுப்பது என்பது பொறியியல் கேள்வியைவிடப் பணக் கேள்வி.

இரண்டாவது, பேஜர் அதிரும் நொடி. சறுக்கின் உச்சியில் இருக்கும் குழந்தையிடம் ‘வா, யானைக்குப் போகலாம்’ என்று சொன்னால் வந்துவிடுமா? ‘இன்னும் ஒரு தடவை.’ கூடாரம் நன்றாக வேலை செய்தால், காத்திருக்கும் இடம் சவாரியைவிட நன்றாகிவிடும் ஆபத்து இருக்கிறது. வரிசை வடிவமைப்பாளருக்கு இதைவிட நல்ல தலைவலி கிடைக்காது என்று ஒருபுறம் தோன்றுகிறது. ஆனால் ராட்டினத்தை ஓட்டுபவருக்கு அது உண்மையான தலைவலி. மூன்றாவது இதிலிருந்தே பிறக்கிறது, கடைசியில் வருகிறேன்.

பணம் கட்டினால் வேறு வாசல்

கூடாரத்தை ஏன் நேர்மையான தீர்வு என்று நினைக்கிறேன் என்பதைச் சொல்ல, அதே பூங்காவின் இன்னொரு தீர்வைப் பக்கத்தில் வைக்க வேண்டும். 1999-இல் டிஸ்னி ஃபாஸ்ட்பாஸ் முறையைத் தொடங்கியது. இயந்திரத்தில் நுழைவுச்சீட்டைச் செருகினால், இத்தனை மணிக்குத் திரும்பி வாருங்கள் என்று ஒரு சீட்டு வரும். அந்த நேரத்தில் வந்தால் குறுகிய தனி வழி. இலவசம். பின்னர் அது கைப்பட்டையும் கைப்பேசியும் ஆனது. 2020-இல் நின்றது. 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் என்ற பெயரில் காசுக்கு வந்தது. 2024 ஜூலையில் பெயரும் முறையும் மறுபடி மாறின. டம்போவுக்கும் இந்தத் தனி வழி உண்டு.

இது ஓர் இருக்கையைக்கூடக் கூட்டவில்லை. மணிக்கு 1,000 பேரை ஏற்றும் சவாரி ஒன்றில் 700 இடங்களைத் தனி வழிக்கு ஒதுக்கினால், சாதாரண வரிசை மணிக்கு 300 என்ற வேகத்தில்தான் நகரும். அங்கே 300 பேர் நின்றால் ஒரு மணி நேரம். முன்பு 1,000 பேர் நின்றால்தான் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். நிற்பவர் கண்ணுக்கு வரிசை சின்னதாகத் தெரியும், நகராது, காரணமும் தெரியாது. பலகையில் காட்டும் நிமிடங்கள் நம்பும்படி இருப்பது இங்கேதான் உயிர்நாடி. டிஸ்னியில் சில சமயம் வரிசையில் நுழைபவரிடம் ஒரு சிவப்பு அட்டையைக் கொடுத்து முனையில் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இடைப்பட்ட நேரமே உண்மையான காத்திருப்பு.

இரு வழிகளும் சேரும் முனைதான் எல்லாவற்றிலும் எரிச்சலூட்டும் இடம். ஒரு மணி நேரம் நின்றவரின் கண்முன்னே இருபது பேர் கையை வீசிக்கொண்டு போவார்கள். வடிவமைப்பாளர்கள் அந்த முனையைச் சுவருக்குப் பின்னால், ஒரு திருப்பத்துக்கு அப்பால், முடிந்தவரை கடைசியில் ஒளித்து வைக்கப் பார்ப்பது அதனால்தான். கூடாரமும், யாரும் சொல்லிக்கொள்ளாவிட்டாலும், அந்த வேலையைச் செய்கிறது: உள்ளே விளையாடிக்கொண்டிருப்பவர்களுக்கு வெளியே யார் தாண்டிப் போகிறார்கள் என்று தெரியாது. நேர்மையான தீர்வு என்ற என் பாராட்டில் இந்த ஒரு கறை உண்டு.

வரிசையே வேண்டாம், எல்லாம் கைப்பேசியில் என்ற வழியையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2017-இல் யூனிவர்சல் நிறுவனம் ஆர்லாண்டோவில் திறந்த வால்கேனோ பே நீர்ப்பூங்காவில் கைப்பட்டையைத் தட்டினால் வரிசையில் இடம். அதுவரை குளத்தில் நீந்தலாம். குளம் இருக்கும் இடத்தில் இது பொருந்துகிறது. 2019 டிசம்பரில் டிஸ்னி திறந்த ரைஸ் ஆஃப் தி ரெஸிஸ்டன்ஸ் சவாரிக்குக் கைப்பேசியில் குழு எண் வாங்க வேண்டியிருந்தது. எண் கிடைக்காதவருக்கு நின்று ஏறும் வழியே இருக்கவில்லை. 2021 செப்டம்பரில் சாதாரண வரிசைக்குத் திரும்பினார்கள். அதே 2019 ஜூனில், யூனிவர்சலின் ஹாக்ரிட் கோஸ்டர் திறந்த நாளில் மக்கள் பத்து மணி நேரம் வரை நின்றார்கள். நிற்கத் தயாராக இருப்பவரை நிற்கவிடுவதும் ஒருவகையில் மரியாதைதான் என்று எனக்குத் தோன்றும். பொறுமையைக் கொடுத்து இடம் வாங்கலாம், கைவிரல் வேகத்தைக் கொடுத்து வாங்குவதில் என்ன நியாயம்?

கடைசி நான்கு நிமிடம்

மூன்றாவது சிரமம் என்று சொன்னேனே, அது இது. பேஜர் அதிர்ந்த உடனே எல்லாரும் வந்துவிட மாட்டார்கள். ஒருவர் கழிப்பறையில், ஒருவர் காலணி தேடுகிறார், ஒரு குழந்தை சறுக்கின் உச்சியில். யானை காலியாகும் அதே நொடியில் பேஜரை அடித்தால், பாதி யானைகள் ஆளில்லாமல் பறக்கும். கணக்கில் இருந்த 960 கரையத் தொடங்கும். ஆகையால் முன்கூட்டியே கூப்பிட வேண்டும். முன்கூட்டியே கூப்பிட்டால், சீக்கிரம் வந்தவர்கள் எங்கேயாவது நிற்க வேண்டும். கூடாரத்தை விட்டு வெளியே வந்ததும் அங்கே மறுபடி ஒரு சின்ன வரிசை, கம்பியும் நெளிவுமாக. ஒரு ராட்டினத்துக்கு ஒரு சுற்றுக்கான ஆட்கள் எப்போதும் கைவசம் இருக்க வேண்டுமென்றால் 32 பேர், நான்கு நிமிடம். இரண்டு ராட்டினங்களுக்கு 64 பேர்.

அந்த நான்கு நிமிடத்தைத் தொட வழியில்லை. இத்தனை செலவு செய்து கட்டிய கூடாரத்துக்குப் பிறகும், யானைக்கு முன்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, முன்னால் நிற்பவர் எந்த யானையில் ஏறுகிறார் என்று எட்டிப் பார்த்தபடி ஒரு குழந்தை நிற்கும்.